சாமி படமும் பத்தாவது பக்கமும்

என் அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு செய்தித்தாளையும் முதலில் விரித்துப் பார்ப்பவர் அவர்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கட்டை அப்புச்சி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து திண்ணையில் இறக்குவார். இரண்டு மாதம், மூன்று மாதம் பழைய தாள்கள். அவற்றை அரைக்கிலோ கவர், கால்கிலோ கவர் என்று ஒட்டி மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் வீட்டுப் பிழைப்பு. கோயமுத்தூருக்கு மேற்கே வீரகேரளத்தில், ஓட்டு வீட்டுத் திண்ணையில், என் சிறு வயது முழுக்கப் பசை வாசத்தோடு கழிந்தது.

மைதா மாவைக் கரைத்துக் கொதிக்க வைத்துக் கிளறும்போது அம்மிச்சி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். இல்லையென்றால் கரப்பான் வந்து ஒட்டிய இடத்தைத் தின்றுவிடும். தாள்களை அளவாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றாக விரல் அகலம் மட்டும் தெரிகிற மாதிரி சரித்து வைத்து, ஒரே இழுப்பில் இருபது தாளின் ஓரத்துக்கும் பசை தடவிவிடுவார். நான் மடித்து மடித்துத் தள்ளுவேன். நிழலில் காயவைத்து நூறு நூறாகச் சணலில் கட்டுவது அம்மாவின் வேலை.

பசை தொடுவதற்கு முன்பே எனக்கு ஒரு வேலை இருந்தது. "சாமி படம் வந்தா எடுத்து வெச்சுரு அம்மிணி. அதுல கருவாடு கட்டிக் குடுத்தாப் பாவம்" என்பார் அம்மிச்சி. அதனால் கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முருகனையும் மாரியம்மனையும் தனியே எடுத்து வைப்பேன். அந்தத் தாள்கள் கவர் ஆகாது. ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்து, பெட்டி நிறைந்தால் நொய்யல் ஆற்றுக்குப் போகும்.

அப்படிப் படம் பார்த்துப் பிரித்த பழக்கம்தான் என்னைப் பேப்பர் படிப்பவளாக ஆக்கியது. சாமியைத் தேடப் போய் மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எந்த மாதிரி ஆட்கள் எந்தப் பக்கத்தில் வருவார்கள் என்று பத்து வயதிலேயே எனக்கு அத்துப்படி. முதல் பக்கத்தில் அரசியல்வாதிகள், கடைசிப் பக்கத்தில் விளையாட்டு, வெள்ளிக்கிழமை சினிமா. பெண்கள் எங்கே வருவார்கள் என்பதும் தெரியும். இந்திரா காந்தி எந்தப் பக்கத்திலும் வருவார். மற்றபடி நடிகைகள், பட்டுப்புடவை விளம்பரங்கள், ஸ்டவ் வெடித்து இறந்துபோன மருமகள்கள். இந்த மூன்றாவது வகைப் படங்கள் சிறியவை. பெரும்பாலும் கல்யாணக் கோலத்தில் எடுத்தவை. அவற்றையும் சாமி படங்களோடு தகரப் பெட்டியில் போட்டுவிடுவேன். அம்மிச்சி ஒன்றும் சொன்னதில்லை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த 1984இல் இரண்டு பேரின் படங்கள் எங்கள் திண்ணையில் வந்து குவிந்தன. ஏப்ரல் 3ஆம் தேதி விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மா ஒருவர். விண்வெளி உடையில், குடும்பத்தோடு, ரஷ்யர்களோடு என்று எத்தனையோ விதமாக வந்தார். தெருப் பையன்கள் அட்டைப்பெட்டியை வெட்டித் தலையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். இன்னொருவர் பி.டி. உஷா. ஆகஸ்ட் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டவர். ஒல்லியாக, கறுப்பாக, எங்கள் தெருவில் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிற அக்கா மாதிரியே இருந்தார். அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட நான் மடிக்கவில்லை. அடுத்த வாரமே எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செங்கல் அடுக்கித் தாண்டினார்கள். நானும் தாண்டி முழங்கால் பெயர்ந்தேன். அதுவரை எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் ஓடி நான் பார்த்ததில்லை. யாரும் எங்களிடம் ஓடச் சொல்லவில்லை. ஒரு படம் வந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் அறிவியல் டீச்சர் ஆல்பம் செய்துவரச் சொன்னார். பத்து விஞ்ஞானிகள், பத்துப் பக்கம். படம், பெயர், பிறந்த ஊர், கண்டுபிடித்தது. வகுப்பில் எல்லோரும் கடைக்குப் போய்ச் சார்ட் வாங்கினார்கள். தபால்தலை அளவுப் படங்கள் வரிசையாக அச்சிட்ட தாள். நியூட்டன், எடிசன், ஐன்ஸ்டீன், சி.வி. ராமன், ஜகதீஷ் சந்திர போஸ், ராமானுஜன். பெண் ஒருவர்தான், மேரி கியூரி. ஒன்பது பக்கம் ஒட்டி முடித்தேன். பத்தாவது பக்கத்துக்கு இன்னொரு தாடிக்காரரை ஒட்டியிருக்கலாம், சார்ட்டில் மிச்சம் இருந்தார்கள். ஆனால் உஷாவைப் பார்த்த கண் எனக்கு. மேரி கியூரி எங்கேயோ பனி பெய்கிற ஊரில் எப்போதோ இருந்தவர். எனக்கு இப்போது இருக்கிற, புடவை கட்டுகிற ஒருவர் வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. நம் நாட்டில் ஒருவராவது இருக்கத்தானே வேண்டும்? திண்ணையில் மலைபோலப் பேப்பர் கிடக்கிறது. தேடினால் கிடைக்காதா?

ஒரு வாரம் தேடினேன். பசை காய்ந்துபோகும் அளவுக்குத் தேடினேன். "கவர் ஒட்டறயா, பரிச்சைக்குப் படிக்கறயா?" என்று அம்மா திட்டினார். கடைசியில் ஒரு வண்ணத் தாளில் கிடைத்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண். கையில் கண்ணாடிக் குழாய். நெற்றியில் பொட்டு. வெட்டி எடுத்து ஒட்டினேன். கீழே என்ன எழுதுவது? அந்தத் தாளில் அவர் பெயர் இல்லை. அழகான கையெழுத்தில் 'பெண் விஞ்ஞானி' என்று எழுதிவிட்டேன்.

ஆல்பம் திரும்பி வந்தபோது பத்தாவது பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு சொல் இருந்தது. 'பெயர் எங்கே?' பத்துக்கு ஒன்பது மதிப்பெண். பக்கத்தில் இருந்தவள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது பற்பசை விளம்பரம்டி, எங்கூட்டு வாரப் பத்திரிகையிலயும் வந்துது" என்றாள்.

டீச்சர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த இடத்தில் எழுத ஒரு பெயர் சொல்லுங்கள் டீச்சர் என்று நான் கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது, அதுதான் துயரம். வீட்டுக்கு வந்து அம்மிச்சியிடம் காட்டி அழுதேன். அம்மிச்சி பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எழுத்து தெரியாதே ஒழிய, எந்தப் படத்துக்குக் கீழே எழுத்து இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "சாமி படத்துக்கே அடியில பேரு போடறாங்க. இந்தப் புள்ளைக்குப் போடறதுக்கு என்ன கேடு?" என்றார்.

*

நான் விஞ்ஞானி ஆகவில்லை. தாள் என்னை விடவில்லை, பத்திரிகை வேலைக்கே வந்து சேர்ந்தேன். பக்கம் கட்டுவது, படம் தேர்வது, படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதுவது.

2014 செப்டம்பர் 24. மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்த நாள். பெங்களூரிலிருந்து ஒரு படம் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், உலகமே பார்த்தது. பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள், கண்ணில் நீர் தளும்ப ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். அதைப் பார்த்ததும் என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. முப்பது வருடமாகக் காலியாகக் கிடந்த பத்தாவது பக்கத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பக்கம் போக அரை மணி நேரம்தான் இருந்தது. பெரிதாக வைத்து, கீழே நானே எழுதினேன்: மகிழ்ச்சியில் பெண் விஞ்ஞானிகள்.

பிறகுதான் இஸ்ரோ தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறவர்கள். அவர்கள் கொண்டாடியதில் ஒரு குறையும் இல்லை. சம்பளப் பட்டியலும் கொள்முதலும் கோப்பும் இல்லாமல் எந்த ராக்கெட்டும் கிளம்பாது. அது அவர்களுடைய வெற்றியும்தான். தவறு செய்தது நான். பெயர் கேட்கவில்லை. புடவையையும் பூவையும் பார்த்தேன், இடத்தைப் பார்த்தேன், எழுதிவிட்டேன். ஏழாம் வகுப்பில் எழுதிய அதே இரண்டு சொல், அதே தவறு. அன்று எனக்கு வயது பன்னிரண்டு என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

அதைவிட உறுத்தியது வேறு. அதே மங்கள்யானில் இயக்கப் பொறுப்பில் இருந்த ரிது கரிதாலும் நந்தினி ஹரிநாத்தும் அந்தப் படத்தில் இல்லை. அவர்கள் முகம் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் தேடியிருப்பேன், தெரியாததால் கண்ணுக்குக் கிடைத்ததை ஒட்டினேன்.

அந்த வாரம் பெட்டியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன். சிவப்பு மை வெளுத்து ரோஜா நிறம் ஆகியிருந்தது. 1984இல் அந்த இடத்தில் எழுதியிருக்கக்கூடிய பெயர்கள் எவை என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்த பெயரே என்னை உட்கார வைத்துவிட்டது.

வீரகேரளத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். நாங்கள் கரும்புப் பண்ணை என்போம். கார்த்திகை மாதத்தில் அங்கே கரும்பு பூக்கும், வேலிக்கு உள்ளே வெள்ளி நிறத்தில் அலை அலையாக ஆடும். கோயமுத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும், அதனால்தான் 1912இல் அந்த நிறுவனத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. நொய்யல் கரையில் யாரும் மதிக்காமல் வளர்ந்து கிடந்த நாணலை இனிப்புக் கரும்போடு சேர்த்து, வட இந்தியக் குளிரையும் தாங்குகிற கரும்பை உண்டாக்கியதும் அங்கேதான். அந்த நிறுவனத்தில் 1934 முதல் 1939 வரை ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். ஈ.கே. ஜானகி அம்மாள். தலசேரியில் 1897இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் வாங்கியவர். கோயமுத்தூரில் அவர் செய்தது, கரும்பின் உயிரணுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணி அதன் பூர்வீகத்தைத் தேடும் வேலை. நாணலை, கரும்பை, மக்காச்சோளத்தைக்கூட ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். பிறகு லண்டன் போனார். போர்க் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில் ஆராய்ச்சி செய்து, 1945இல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ஒரு மக்னோலியா மரவகைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்க நேரு அழைத்ததால் ஊர் திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ பெற்றார். கடைசிவரை சென்னை மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் உழைத்து, 1984 பிப்ரவரி 7ஆம் தேதி, 86 வயதில் காலமானார்.

1984. நான் ஆல்பம் ஒட்டிய வருடம். பிப்ரவரி மாதத் தாள்களும் எங்கள் திண்ணைக்கு வந்திருக்கும். நானே மடித்திருப்பேன். அவர் மறைவுச் செய்தி என் கண்ணில் படவே இல்லை. படத்தை மட்டும் பார்த்துப் பிரித்த சிறுமி நான். படத்தோடு வந்திருந்தால் புடவை கட்டிய அந்த அம்மாவை நிச்சயம் எடுத்து வைத்திருப்பேன். தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த கரும்பு வேலியை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தேடிய ஆள் என் ஊரில் வேலை பார்த்திருக்கிறார், அதே கரும்புப் பூவைப் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் நான் திண்ணையில் தேடியபோது அவர் பெயரை அறிந்த ஒருவர்கூட எங்கள் தெருவில் இல்லை.

இரண்டாவது பெயர் இன்னும் பக்கத்தில் இருந்தது. செய்தித்தாளில் தினமும் ஒரு மூலையில் வானிலைக் கட்டம் வரும். அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், மழை இத்தனை மில்லிமீட்டர். அப்புச்சிக்கு அது பிடிக்கும். மூன்று மாதப் பழைய மழையைக்கூட என்னைப் படித்துக் காட்டச் சொல்வார். "அன்னிக்கு இங்க தூறக்கூட இல்லியே" என்பார். அந்த எண்களைத் தருகிற கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் இங்கேயே செய்ய வழி அமைத்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். இவரும் சென்னை மாநிலக் கல்லூரி மாணவி. பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் மேல் ஒளி படும்போது என்ன நடக்கிறது என்று இரவு பகலாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். இந்தியாவில் வெயில் எங்கே எவ்வளவு விழுகிறது என்று அளந்து நூலாக்கினார். இன்று கூரைகளில் சூரியத் தகடு போடுகிறோமே, அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முதன்மையானவர். நான் ஆயிரக்கணக்கில் மடித்துத் தள்ளிய வானிலைக் கட்டங்களில் அவர் உழைப்பு இருந்தது. முகம் மட்டும் எங்கும் இல்லை. 2001இல் அவர் இறந்தார். 2022 ஆகஸ்ட் 23 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் ஓவியத்தை வைத்தபோதுதான் நம்மில் பெரும்பாலோர் அவரைப் பார்த்தோம்.

படம் வந்தால் மட்டும் போதாது என்பதையும் இந்தத் தொழிலில்தான் கற்றேன். 1964இல் டோரத்தி ஹாட்ஜ்கின் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, ஆக்ஸ்போர்டு இல்லத்தரசிக்கு நோபல் என்று ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் தலைப்புப் போட்டது. பெனிசிலினின் கட்டமைப்பைக் கண்டவர் அவர். ஜோஸ்லின் பெல் துடிப்பு விண்மீன்களைக் கண்டுபிடித்த பிறகு, பத்திரிகைக்காரர்கள் அவருடைய ஆசிரியரிடம் வானியலைக் கேட்டார்கள். பெல்லிடம் இடுப்பளவையும் ஆண் நண்பர்களையும் கேட்டார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள். அவரே பல மேடைகளில் சொன்னது இது. நம் ஊரில் கேள்வி வேறு மாதிரி வரும். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நானும் கேட்டிருக்கிறேன். பேட்டி கொடுத்த அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார், சமையல் நேரம் வரைக்கும் விவரமாகச் சொன்னார். அச்சான பிறகு பார்த்தால், மூன்று பத்தி சமையலறை, ஒரு பத்தி ஆய்வு. ஒரு சிறுமி அதை வெட்டி ஆல்பத்தில் ஒட்டினால், 'கண்டுபிடித்தது' என்ற இடத்தில் எதை எழுதுவாள்?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2012இல் ரிசாட் 1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநராக இருந்த அரியலூர் வளர்மதிக்குத் தமிழக அரசு 2015இல் முதல் அப்துல் கலாம் விருதைக் கொடுத்தது. சந்திரயான் 2 திட்டத்துக்கு வனிதா இயக்குநர் என்பதும், ஆதித்யா எல் 1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டை நிகர் ஷாஜி என்பதும் பெயரோடும் ஊரோடும் முதல் பக்கத்தில் வந்தன. தமிழ்வழியில் படித்த அம்பாசமுத்திரம் கலைச்செல்வி, காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு இயக்குநராகி, 2022இல் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கே தலைமை இயக்குநர் ஆனார். அந்த மன்றத்தின் வரலாற்றில் முதல் பெண். என் தங்கை மகள் போன வருடம் பள்ளிக்கு ஆல்பம் செய்தபோது பெண்களை மட்டும் வைத்தே பத்துப் பக்கமும் நிரப்பினாள், ஒரு மாலை நேரத்தில். திண்ணையில் ஒரு வாரம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இவர்கள் எல்லோரும் தலைமைக்கு வந்த பிறகு தெரிந்தவர்கள். ராக்கெட் கிளம்புகிற நாளில், விருது வருகிற நாளில் தெரிகிறவர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் நாற்று எண்ணுகிற பெண், கடலோர ஆய்வு மையத்தில் மீன் முட்டை பார்க்கிற பெண், கிண்டியில் கொசு வளர்த்து ஆராய்கிற பெண், இவர்கள் முகம் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஜானகி அம்மாளும் தன் வாழ்நாளின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தார்.

அம்மிச்சி இறந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆல்பத்தின் பத்தாவது பக்கத்தில் அந்தப் பற்பசைப் பெண் இன்னும் இருக்கிறார். அவரை நான் பிய்த்து எடுக்கவில்லை. அவரும் பிழைப்புக்காகக் கோட்டுப் போட்டு நின்றவர், அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எதிர்ப் பக்கத்தில் ஜானகி அம்மாளின் படத்தை ஒட்டி, பெயர், பிறந்த ஊர், கண்டுபிடித்தது என்று மூன்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

பத்திரிகை மேசைகளில் இப்போது இருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணின் படம் வந்தால், எடுத்தவருக்கு ஒரு போன் போட்டு அந்தப் பெண்ணின் பெயரையும் அவர் செய்கிற வேலையையும் கேட்டு எழுதுங்கள். கேட்க நேரம் இல்லையென்றால் அந்தப் படத்தை நாளைக்குப் போடுங்கள். கீழே 'பெண் விஞ்ஞானி' என்று மட்டும் எழுதி அச்சுக்கு அனுப்பாதீர்கள்.